தொண்ணூற்றாறு குழிகள்

பால் வண்டிக்கு முன்னால் போய்விட வேண்டும்.
கோபாலபுரம் சாவடி தாண்டி மண் தடம்,
மடியில் ஐஸ் பெட்டி, சிவப்பு மூடிக் குழாய்கள்,
மலையாளத்தில் அச்சடித்த படிவம்.
நான் தமிழில் கேட்பேன், அதில் எழுதுவேன்.

கழுத்தடியில் கட்டைவிரல் வைத்து அழுத்தினால்
நரம்பு கயிறு மாதிரி எழும்பும்.
மாடு என்னைப் பார்க்காது,
தவிட்டுத் தண்ணியைப் பார்க்கும்.
ஐந்து மில்லி.
அவ்வளவுதான் ஆத்தா, அவ்வளவுதான்.

எத்தனையாம் ஈத்து? சந்தையில் பிடித்ததா?
காளைக்கு விட்டதா, ஊசியா?
கன்னு வீசியதுண்டா?

அங்கே நின்றுவிட்டாள் மயிலாத்தாள்.
ராக்கியப்பன் கறந்துகொண்டிருந்த கையை எடுத்தார்.
"ஏழாம் மாசம் ஒண்ணு. எட்டுல ஒண்ணு.
ரெண்டும் கெடேரி."
பிறகு தாடையைக் கிளுவை வேலிப் பக்கம் திருப்பி,
குரலைக் குறைக்காமல்:
"அவ வந்து நின்னு, மடி நல்லா எறங்கியிருக்குன்னா.
அன்னைக்கு ராத்திரியே."
மூன்று வருடமாய்ப் பேச்சு இல்லை.

படிவத்தில் கண்ணுக்குக் கட்டம் இல்லை.
காரணம் தெரியாது என்று குறித்தேன்.

டாக்டர் ஷைனி அதற்கு மூன்றெழுத்துப் பெயர் சொல்வார்.
ஒருதரம் நுழைந்தால் வெளியே போகாதாம்.
முகத்து நரம்பின் முடிச்சில் சுருண்டு படுத்துக்கொள்ளும்.
மாடு தின்னும், கறக்கும், அசைபோடும்.
லாரியில் ஏற்றினால், சித்திரை காய்ந்தால்,
ஈனுகிற நோவெடுத்தால்
எழுந்து வந்து மூக்கு வழியாய் எட்டிப் பார்க்கும்.
மனுசருக்கு வராது.
அன்று நாலு வீட்டில் டீ குடித்தேன்.

கிளம்பும்போது வேலிக்கு அந்தப்பக்கம் துளசிமணி,
ஒரு கையில் சொம்பு, ஒரு கையில் மாட்டுக் கயிறு.
"எங்குளுக்கும் எடுங்க."
அது பொள்ளாச்சித் தாலுகா.
என் கணக்கு கிளுவை மரத்தோடு முடிகிறது.
குழாய் மிச்சம் இருக்கிறது, பேர் எழுதக் கட்டம் இல்லை
என்றேன்.
"ரத்தத்துக்குமா தாலுகா?"
அவள் சிரிக்கவில்லை.
எடுத்தேன். ஒன்றும் எழுதாமல் பெட்டியில் போட்டேன்.

திரும்பும் வழியில், பள்ளத்தில் வண்டி இறங்கியபோது
அறுபத்தொன்றாம் குழாய் உடைந்தது.

மூன்றாம் நாள்
உள்ளங்கை அகலத் தட்டில் தொண்ணூற்றாறு குழி.
எட்டு சோதனைக்கு, மீதி மாடுகளுக்கு.
"ஓரெண்ணம் குறவா," என்றார் ஷைனி.
பெயரில்லாத குழாயை நீட்டினேன்.
என்னைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை.

கடைசிச் சொட்டு விட்டதும் நிறம் வரத் தொடங்கியது.
மஞ்சள் என்றால் உண்டு.
ஒன்று, இரண்டு, அப்புறம் எண்ண முடியவில்லை,
கொன்றை பூக்கிற அவசரம்.
எண்பத்தேழில் முப்பத்தேழு.
நூற்றுக்கு நாற்பத்திரண்டரை என்றது கணினி.
அரை மாடு எது என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

சொசைட்டியில் வரிசையாய்ச் சொம்பு வைத்துவிட்டு
அவரவர் வீட்டுக் கெட்ட நேரத்தை
அவரவர் முந்தானையில் முடிந்துகொண்டு போனவர்கள்,
கழிப்பு கழித்தவர்கள், திசை மாற்றிக் கட்டியவர்கள்
எல்லாருக்கும் ஒரே மஞ்சள்.

பத்தொன்பதாம் குழி மயிலாத்தாளுடையது.
நன்றாகப் பழுத்திருந்தது.
நம் வீட்டுக்கு மட்டுமில்லை என்று அவளிடம் சொல்லலாம்,
ஆறுதலாய் இருக்கும் என்று நினைத்தேன்.
பிறகு அவள் என்ன கேட்பாள் என்று தெரிந்தது:
"அப்ப, அவ மாட்டுல இருந்துதான் வந்துச்சா?"

அறுபத்தொன்றாம் குழியைக் குனிந்து பார்த்தேன்.
தண்ணீர்.
இன்னொரு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்.
தண்ணீர்தான்.

அன்று ஐஸ் பெட்டியை மூடுகையில் பார்த்தேன்,
வேலி இடுக்கில் இரண்டு மாடும்
கழுத்தை நீட்டி, மூக்கோடு மூக்கு வைத்து,
ஒன்றின் ஈர மூச்சை மற்றது நக்கிக்கொண்டிருந்தன.
அவர்கள் பேசாத மூன்று வருடமும்
அவை அப்படித்தான் நின்றிருக்கும்.

நாளை முதல் பஸ்ஸுக்குப் போய்ச் சொல்ல வேண்டும்,
கட்டுத்தரையைப் பத்தடி தள்ளிப் போடுங்கள் என்று.
எந்த வீட்டில்,
என்ன காரணம் சொல்லி.